கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்ட்: எத்தனை நாள் உழைக்கும்? கெட்டால் யார் பொறுப்பு?

ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம், வல்லம் பக்கமுள்ள கடைத்தெருக்களைப் பார்த்து வருபவர்களுக்கு ஒரு மாற்றம் கண்ணில் படாமல் இருக்காது. மளிகைக் கடைக் கல்லாவுக்கு அருகே முன்பு ஷாம்பு சரமும் பிளேடு பாக்கெட்டும் தொங்கிய இடத்தில், இன்று மொபைல் சார்ஜரும் இயர்போனும் தொங்குகின்றன. அவற்றோடு கையில் கட்டும் ஃபிட்னஸ் பேண்டும் வந்து சேர்ந்துவிட்டது. எத்தனை அடி நடந்தோம், நாடி எவ்வளவு துடிக்கிறது, எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று கணக்குச் சொல்லும் பட்டை இது.

இந்தச் சரக்கைப் பற்றி நம் உறுப்பினர்களுக்குள் இரண்டு கேள்விகள் எழுகின்றன. ஒன்று, இதை வாங்கி விற்கலாமா? மற்றொன்று, நாமே ஒன்றைக் கட்டிக்கொண்டால் பயன் உண்டா? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது எத்தனை நாள் உழைக்கும் என்பதும், கெட்டுப்போனால் யாரிடம் போய் நிற்பது என்பதும் தெரிந்தால் போதும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் வசதிகளின் பட்டியல் இதற்கு உதவாது.

எங்கிருந்து வந்தது?

அடிகளை எண்ணும் கருவி புதிதல்ல. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி நடந்ததை அடுத்து, 1965-ல் ஜப்பானில் யமாசா என்ற கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணி ஒன்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதற்கு வைத்த பெயரின் பொருளே 'பத்தாயிரம் அடி அளவி' என்பதுதான். நாளைக்குப் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று இன்று எல்லோரும் சொல்லும் கணக்கு இந்த விற்பனைப் பெயரிலிருந்து பரவியது.  ஒரு நல்ல சரக்குப் பெயர் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வணிகர்களாகிய நமக்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அமெரிக்காவில் 2007-ல் தொடங்கிய ஃபிட்பிட் கம்பெனி இதை மின்னணுப் பொருளாக்கியது. நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவும் டாடா குழுமமும் கூட்டாக 1984-ல் தொடங்கி, ஓசூரில் ஆலை அமைத்த டைட்டன் கம்பெனி, 2017-ல் தன் ஃபாஸ்ட்ராக் பெயரில் ரிஃப்ளெக்ஸ் என்ற பேண்டை வெளியிட்டது. பிறகு ஏராளமான கம்பெனிகள் நுழைந்தன, விலை சரிந்தது.

சரிவு எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். ஐ.டி.சி. என்ற சந்தை ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2023-ல் இந்தியச் சந்தைக்கு 5 கோடியே 34 லட்சம் ஸ்மார்ட் வாட்ச் வந்தன. 2024-ல் அது சுமார் 3.5 கோடியாகக் குறைந்தது. ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அரிசியும் பருப்பும் வாங்கியவர் மாதா மாதம் திரும்பி வருவார். இந்தச் சரக்கை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை வர வேண்டுமானால், முதலில் வாங்கியது அவர் கையில் உழைத்திருக்க வேண்டும்.

நம் வட்டாரத்தில் வாங்குபவர் யார்?

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் ஆலையும், 2012-ல் டைம்லர் லாரி ஆலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் வந்தன. வல்லம் வடகாலில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் 18,720 பேர் தங்குவதற்கான குடியிருப்பை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் திறந்து வைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவான கட்டடம் அது. நம் வாடிக்கையாளர்களில் பெரும் பகுதி இப்படிச் சம்பளம் வாங்கும் இளைஞர்களும் பெண்களும்தான். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பிள்ளைகள் உண்டு. ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு.

இவர்களுக்கு விற்கும்போது நினைவில் வைக்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ஆலை விதி. கார் ஆலைகளில் வண்டியின் மேல் கீறல் விழக்கூடாது என்பதற்காகவும், இயந்திரத்தில் கை சிக்கக்கூடாது என்பதற்காகவும் பல பிரிவுகளில் கடிகாரம், மோதிரம், காப்பு எதையும் அணிய விடுவதில்லை. மின்னணு ஆலைகளில் மொபைல் போனையே வாசலில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் இடங்கள் பல. நிலை மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் பட்டையைத்தான் அங்கே மணிக்கட்டில் கட்டுவார்கள். ஆகவே எட்டு மணி நேரம் ஷிப்டில் நின்று, நடந்து உழைக்கும் அந்த நேரம் முழுவதும் ஃபிட்னஸ் பேண்ட் லாக்கரில் தூங்கும். 'உங்கள் ஆலையில் கட்ட விடுவார்களா?' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விற்பது நம் கடமை. கேட்டதற்காக அவர் வாங்காமல் போனாலும், அடுத்த மாதம் மளிகை வாங்க நம் கடைக்கே வருவார்.

இரண்டாவது, ஊர் மாற்றம். ஒப்பந்தம் முடிந்ததும் இவர்களில் பலர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். சென்னையில் மட்டும் சேவை மையம் வைத்திருக்கும் கம்பெனியின் சரக்கு அவர்களுக்கு உதவாது. நாடு முழுவதும் சேவை உள்ளதா, கூரியரில் அனுப்பிப் பழுது பார்க்க முடியுமா என்று பார்த்துக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, மொபைல் போன். பேண்ட் தனியாக முழு வேலை செய்யாது. போனில் அதற்குரிய செயலியை ஏற்றி இணைக்க வேண்டும். வாடிக்கையாளரின் போன் பழையதானால் செயலி ஏறாமல் போகலாம். கடையிலேயே, அவருடைய போனிலேயே இணைத்துக் காட்டிவிட்டுப் பணம் வாங்குவது மேல். ஐந்து நிமிட வேலை. பல நாள் சண்டை மிச்சம்.

எதை எண்ணும்? எதை எண்ணாது?

பேண்டுக்குள் அசைவை உணரும் சிறு சில்லு ஒன்று இருக்கிறது. கை முன்னும் பின்னும் ஒரே தாளத்தில் வீசினால், அதை நடை என்று எடுத்துக்கொண்டு எண்ணும். கால் நடக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. இதனால் நம் தொழிலில் இரண்டு விதமான தவறு வரும். உட்கார்ந்த இடத்திலேயே சர்க்கரையை அள்ளி எடை போட்டுப் பொட்டலம் கட்டினாலும் அடிகள் ஏறிக்கொண்டே போகலாம். கைவண்டியைத் தள்ளிக்கொண்டோ, மூட்டையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டோ அரை கிலோமீட்டர் நடந்தாலும், கை வீசாததால் பல அடிகள் கணக்கில் சேராமல் போகலாம்.

எடைக்கல்லைச் சோதிப்பது போல இதையும் சோதிக்கலாம். வாயால் எண்ணிக்கொண்டே 200 அடி நடந்து பாருங்கள். பேண்ட் என்ன காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்தபடி பொட்டலம் மடியுங்கள். எத்தனை அடி கூடியிருக்கிறது என்று பாருங்கள். சரக்கின் தரம் அப்போதே தெரிந்துவிடும்.

நாடித் துடிப்பை எண்ணுவது அடிப்பகுதியிலுள்ள பச்சை விளக்கு. தோலுக்குள் ஓடும் இரத்தம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிக் குறையும்போது திரும்பி வரும் வெளிச்சம் மாறும். அதை வைத்துக் கணக்கிடுகிறது. சும்மா இருக்கும்போது ஓரளவு சரியாகச் சொல்லும். வார் தளர்ந்திருந்தாலும், பச்சை குத்திய இடத்தில் கட்டினாலும், கை அதிர்ந்துகொண்டிருந்தாலும் தடுமாறும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 'ஊசி குத்தாமல் இரத்தச் சர்க்கரை காட்டும்' என்று எழுதி வரும் வாட்சுகளைக் கடையில் வைக்காதீர்கள். 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவற்றைப் பற்றிப் பொது எச்சரிக்கை விடுத்தது. தோலில் குத்தாமல் தானாகச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தான் அனுமதி தரவில்லை என்று அது தெளிவாகச் சொன்னது. தவறான எண்ணை நம்பி இன்சுலின் போட்டுக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. நூறு ரூபாய் லாபத்துக்காக அந்தப் பழியை நாம் சுமக்க வேண்டாம்.

முதலில் எது கெடும்?

வாங்கும்போது எல்லோரும் திரையைத்தான் பார்க்கிறார்கள். கெடுவதோ பெரும்பாலும் மற்ற இடங்களில்.

வார்: ரப்பர் போன்ற சிலிக்கான் வார், வியர்வையும் வெயிலும் பட்டு, கொக்கி மாட்டும் துளையிலோ உடலோடு சேரும் இடத்திலோ கிழியும். வாரைத் தனியாகக் கழற்றி மாற்ற முடிகிற வகையா என்று பாருங்கள். உடலோடு ஒட்டி வார்த்த வகையானால், வார் போனால் பேண்டே போயிற்று. சாதாரணக் கைக்கடிகார வார் பொருந்துகிற வகையானால், எந்தக் கடிகாரக் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

சார்ஜர்: பல பேண்டுகளின் சார்ஜர் கேபிள் அந்தந்த மாடலுக்கே உரியது, மொபைல் சார்ஜர் கேபிள் பொருந்தாது. அது தொலைந்தால், நல்ல நிலையிலுள்ள பேண்டும் பெட்டிக்குள் போய்விடும். விற்கும் மாடலுக்கான கேபிள் தனியாகக் கிடைக்குமா என்று மொத்த வியாபாரியிடம் முதலிலேயே கேட்க வேண்டும். வியர்வை உப்பு படிந்து சார்ஜ் ஏறும் முனைகள் கறுத்துப்போவதும் வழக்கம். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்தால் தவிர்க்கலாம்.

பேட்டரி: இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. லித்தியம் பேட்டரி 300 முதல் 500 முறை முழுமையாக ஏறி இறங்கினால், அதன் கொள்ளளவு சுமார் ஐந்தில் நான்கு பங்காகக் குறையும் என்பது பொதுவான அளவு. பெரிய திரையும் பேசும் வசதியும் கொண்ட ஸ்மார்ட் வாட்சைத் தினமும் சார்ஜ் செய்ய வேண்டியிருந்தால், ஒன்றரை ஆண்டுக்குள் அந்த எல்லையைத் தொட்டுவிடும். பத்து நாளைக்கு ஒருமுறை சார்ஜ் கேட்கும் எளிய பேண்ட், ஆண்டுக்கு 36 முறைதான் ஏறும். பேட்டரி அளவில் அது பல ஆண்டு தாங்கும். வசதி குறைந்த சரக்கு நெடுநாள் உழைப்பதற்குக் காரணம் இதுதான். வண்டிப் பெட்டியில் வைத்துச் சித்திரை வெயிலில் நிறுத்தினால் எந்தப் பேட்டரியும் சீக்கிரம் சோர்ந்துபோகும்.

தண்ணீர்: ஐ.பி.67 என்றால் தூசி புகாது, 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். ஐ.பி.68 அதற்கும் மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல வேண்டும். 5 ஏ.டி.எம். என்பது 50 மீட்டர் ஆழத்துக்குச் சமமான அழுத்தம். இவையெல்லாம் புதிய சரக்கை, அசையாத நல்ல தண்ணீரில் சோதித்த அளவுகள். வெந்நீர், சோப்பு, ஆவி ஆகியவை மூடியிருக்கும் பிசினை நாளடைவில் தளர்த்தும். தண்ணீர் புகுந்த பேண்டுக்குப் பல கம்பெனிகள் உத்தரவாதம் தருவதில்லை. 'குளிக்கும்போது கழற்றிவிடுங்கள்' என்று சொல்லிக் கொடுப்பதே நல்லது.

இருப்பு: இது நமக்கே உரிய சங்கதி. விற்காமல் அலமாரியில் கிடந்தாலும் பேட்டரி மெல்ல மெல்லக் காலியாகும். அடிமட்டத்துக்கு இறங்கியபின் மறுபடி சார்ஜ் ஏறாமலே போகலாம். பருப்பில் வண்டு விழுவது போலத்தான் இதுவும், வெளியே தெரியாது. ஆகவே பெட்டியில் தயாரித்த மாதம், ஆண்டு பார்த்து வாங்குங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். ஒரு டஜன் எடுத்தால் ஒன்று இலவசம் என்பதற்காக மூன்று டஜன் எடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கம்பெனி போனால் பேண்டும் போகும்

கடிகாரம் செய்த கம்பெனி மூடப்பட்டாலும் கடிகாரம் ஓடும். எச்.எம்.டி. கைக்கடிகாரங்கள் இன்றும் எத்தனையோ பேர் கையில் ஓடிக்கொண்டிருக்கவில்லையா? இந்தப் பேண்ட் அப்படியல்ல. அதன் கணக்கெல்லாம் கம்பெனி நடத்தும் செயலியில்தான் சேர்கிறது.

அமெரிக்காவின் ஜாபோன் என்ற கம்பெனி ஒரு காலத்தில் இந்தத் துறையில் பெரிய பெயர். 2017-ல் அது கலைக்கப்பட்டது. அதன் செயலியும் நின்றுபோனபின், வாங்கியவர்கள் கையிலிருந்த நல்ல பேண்டுகளும் வெறும் ரப்பர் பட்டைகளாயின. மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனமே 2016-ல் தன் பேண்ட் விற்பனையை நிறுத்தியது. 2019 மே 31-ல் அதற்கான சேவையையும் மூடியது. அப்போது தகுதியுள்ள வாடிக்கையாளர்களுக்கு ஒரு தொகையைத் திருப்பித் தந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

நமக்கு மிக நெருங்கிய பெயர் நோக்கியா. ஸ்ரீபெரும்புதூர் ஆலையின் உற்பத்தி 2014 நவம்பர் 1-ல் நின்றபோது, ஆலையை நம்பிக் கடை வைத்த நம்மவர்கள் பட்ட பாட்டை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. அதே நோக்கியா 2016-ல் பிரான்ஸ் நாட்டின் வித்திங்ஸ் கம்பெனியை வாங்கியது. 2017-ல் அதன் நடைக்கணக்குக் கடிகாரங்களுக்குத் தன் பெயரைச் சூட்டியது. 2018-லேயே அதை வித்திங்ஸை நிறுவியவர்களில் ஒருவரிடம் விற்றுவிட்டு விலகியது. வாங்கியவர்களின் அதிர்ஷ்டம், செயலியைப் பழைய கம்பெனி தொடர்ந்து நடத்தியது. பெயர் பெரிதாக இருப்பது மட்டும் போதாது; அந்தத் தொழிலில் நிலைத்து நிற்கும் எண்ணம் உள்ள கம்பெனியா என்று பார்க்க வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

நல்ல கம்பெனிக்கும் தவறு நேரும். அதைச் சரி செய்கிறதா என்பதுதான் கேள்வி. ஃபிட்பிட் கம்பெனியின் ஃபோர்ஸ் என்ற பேண்ட் பலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கியதால், 2014-ல் அமெரிக்காவில் விற்ற சுமார் 10 லட்சம் பேண்டுகளைக் கம்பெனி திரும்பப் பெற்றது. 2022 மார்ச்சில் அதே கம்பெனியின் அயோனிக் வாட்ச், பேட்டரி சூடேறித் தோல் வெந்த புகார்களால் திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் 78 பேர் தீப்புண் பட்டதாகப் புகார் வந்திருந்தது. வாங்கியவர்களுக்கு 299 டாலர் திருப்பித் தரப்பட்டது. பெயரும் முகவரியும் உள்ள கம்பெனி என்பதால் இது நடந்தது. பெயரில்லாத பேண்ட் கையைச் சுட்டால் யாரைப் போய்க் கேட்பது?

சட்டம் நம்மைத்தான் கேட்கும்

ஆம், நம்மைத்தான் கேட்பார்கள். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 86-வது பிரிவைக் கவனியுங்கள். குறையுள்ள பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்து, அதைத் தயாரித்தவர் யார் என்றே தெரியாவிட்டால், விற்றவரைப் பொறுப்பாக்க அந்தப் பிரிவு இடம் தருகிறது. தயாரிப்பாளர் கொடுக்காத உத்தரவாதத்தை நாமாகக் கொடுத்து, அது பொய்த்தாலும் பொறுப்பு நம்முடையதே. 'ஒரு வருஷம் ஒண்ணும் ஆகாது, நான் கேரண்டி' என்று வாய் தவறிச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

பில் கொடுக்காமல் விற்பதும் அதே சட்டத்தில் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் அச்சடித்துவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று இன்னும் நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நுகர்வோர் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலே புகார் பதிவாகிவிடும்.

இதில் பணக் கணக்கும் உண்டு. ஒரு பேண்டை 800 ரூபாய்க்கு வாங்கி 1,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து விற்றால் ஆயிரம் ரூபாய் நிற்க வேண்டும். ஐந்தில் ஒன்று கெட்டுத் திரும்பி வந்து, பணத்தைக் கொடுத்துவிட்டு, மொத்த வியாபாரியும் கைவிரித்தால், மற்ற நான்கில் கிடைத்த 800 ரூபாய் லாபமும் அந்த ஒன்றிலேயே கரைந்துவிடும். வரி, வாடகை, கரண்ட் எல்லாம் அதற்கு மேல். ஐந்துக்கு ஒன்று திரும்பி வரும் சரக்கை விற்பதும் விற்காமல் இருப்பதும் ஒன்றுதான். வீணாவது நம் நேரமும் நற்பெயரும்.

கொள்முதல் செய்யும்போது கவனிக்க வேண்டியவை

1. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டுச் சரக்கு என்பதும், மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் செய்ய வேண்டிய எண் ஆகியவையும் இருக்க வேண்டும். எடையளவுச் சட்ட விதிகள் கேட்பது இது. இல்லாத பெட்டியைத் தொட வேண்டாம்.

2. ஸ்மார்ட் வாட்சுகள் பி.ஐ.எஸ். கட்டாயப் பதிவுப் பட்டியலில் உள்ளவை. 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் என்ற செயலியில் அந்த எண்ணைத் தட்டினால், அது யாருக்குக் கொடுத்த பதிவு என்று தெரிந்துவிடும்.

3. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் வாங்க வேண்டாம். இந்தச் சரக்குக்கு வரி 18 சதவீதம். பில் இருந்தால்தான் உள்ளீட்டு வரி கிடைக்கும். நாளைக்கு மொத்த வியாபாரியிடம் மாற்றுக் கேட்கவும் அதுவே கையிலிருக்கும் ஆதாரம்.

4. பெட்டி பிரித்தவுடன் வேலை செய்யாத சரக்கை எத்தனை நாளில் மாற்றித் தருவார் என்று மொத்த வியாபாரியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய் வார்த்தை சீசனுக்குச் சீசன் மாறும்.

5. உத்தரவாத அட்டையைப் படியுங்கள். பேண்டுக்கு ஓராண்டு என்று இருந்தாலும், வாருக்கும் கேபிளுக்கும் குறைந்த காலமோ, ஒன்றுமே இல்லாமலோ இருக்கலாம். அதை விற்கும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

6. விற்கும் பில்லில் மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் எழுதுங்கள். வேறு கடையில் வாங்கியதை நம்மிடம் கொண்டுவந்து மாற்றச் சொல்லும் வழக்கும் அதோடு தீரும்.

7. உப்பிய பேட்டரியுள்ள பேண்டை விற்கவும் வேண்டாம், குப்பையில் போடவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு அவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்த கம்பெனிக்கு உண்டு.

நமக்கும் ஒன்று வேண்டுமா?

காலை ஐந்தரைக்குப் பால் இறக்குவதிலிருந்து இரவு பத்து மணிக்கு ஷட்டர் இழுப்பது வரை நாம் சும்மா இருப்பதில்லை. ஆனாலும் அதில் நடை எவ்வளவு? கல்லாவில் உட்கார்ந்தும், எடைமேடைக்குப் பின்னால் நின்றும்தான் பெரும்பாலான பொழுது போகிறது. நிற்பது நடையாகாது. கடை ஊழியர்களுக்கு உட்காரும் வசதி தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தியதே, நாள் முழுக்க நிற்பதன் கேட்டை உணர்ந்துதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நம் சங்கக் கூட்டத்தில் தேநீர் கொடுக்கும்போது 'சர்க்கரை வேண்டாம்' என்று எத்தனை குரல் கேட்கிறது என்பதைக் கவனித்தாலே நம் நிலை புரியும்.

பத்தாயிரம் அடி என்ற எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். 2019-ல் அமெரிக்காவில் சராசரி 72 வயதுள்ள சுமார் 16,700 பெண்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 7,500 அடி அளவில் அந்தப் பலன் ஏறக்குறைய நிலைத்துவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் ஓரளவு வேகமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நாளைக்கு இருபத்திரண்டு நிமிடம்தான் வருகிறது. கடை திறக்கும் முன்போ, மதியம் கூட்டம் ஓயும் நேரத்திலோ முடிக்கக்கூடிய வேலை.

அப்படி நடக்க முடிவு செய்தவருக்குப் பேண்ட் ஒரு நல்ல பேரேடு. வரவு எவ்வளவு, நேற்றைக்கு இன்று கூடியதா குறைந்ததா என்று காட்டும். எண் நூறு முன்னே பின்னே இருந்தாலும், ஒரே பேண்டைத் தொடர்ந்து கட்டினால் போக்கு தெரியும். பேரேடு வாங்கிவிட்டால் வியாபாரம் தானாக நடந்துவிடாது என்பது நமக்குத் தெரியாததல்ல. நடக்கும் எண்ணம் இல்லாதவர் அந்தப் பணத்துக்கு நல்ல செருப்பு ஒரு ஜோடி வாங்கலாம்.

நமக்கு வாங்குவதென்றால் எளியதாக, நாள் கணக்கில் சார்ஜ் நிற்பதாக, வார் மாற்றக்கூடியதாக, வெயிலில் எழுத்து தெரிவதாக வாங்குவோம். மாவு, மிளகாய்த் தூள், எண்ணெய் படும் கை என்பதால் இரவில் கழற்றித் துடைத்து வைப்போம். வாருக்குக் கீழே ஈரம் தேங்கினால் அரிப்பு வரும். தோலையும் காயவிட வேண்டும். மார்பு வலித்தால், மூச்சு முட்டினால், பேண்டில் நாடி சரியாகத்தானே இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

இந்தச் சரக்கை விற்பதா வேண்டாமா என்பது அவரவர் கடையின் இடத்தையும் வாடிக்கையாளரையும் பொறுத்தது. விற்பதென்று முடிவெடுத்தால் இரண்டே மாடல் வையுங்கள். முகவரி உள்ள கம்பெனியின் சரக்கை வையுங்கள். பில் போட்டு விற்றுவிடுங்கள். ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் பிள்ளை தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிற பொருள் அது. நாலு மாதத்தில் அது நின்றுபோனால் கம்பெனியின் பெயர் அவர் நினைவில் நிற்காது; நம் கடையின் பெயர்தான் நிற்கும்.